மோட்டார் வண்டியின் மூச்சு
(வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மோட்டார் வண்டி உண்பது பெற்றோல். அது விடும் மூச்சைச் சுவாசிப்பவர்களோ நாம். அந்த மூச்சின் நஞ்சைக் குறைக்க மனிதன் எவ்வாறு கற்றான் என்பதைச் சில வார்த்தைகளில் சொல்ல விரும்புகின்றேன்.

1943ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் ஒன்று சூழ்ந்தது. யுத்த காலமாதலால், பகைவர் நச்சுப்புகை வீசினரோ எனச் சிலர் அஞ்சினர். பின்னர், செயற்கை இறப்பருக்கு மூலப்பொருள் செய்த ஆலையொன்றின்மேற் பழி விழுந்தது. அதனை நிறுத்திப் பார்த்தும் புகை நீங்கவில்லை.

உண்மையைக் கண்டவர், ஒல்லாந்து தேசத்திற் பிறந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்னும் இரசாயன அறிஞர். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்து வந்த அவர், 1950ஆம் ஆண்டையொட்டிய காலத்திலே நகரின் காற்றை ஆராய்ந்தார். எரியாது எஞ்சிய பெற்றோல் ஆவியும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியிற் கூடி, ஓசோன் முதலியவற்றை உண்டாக்குகின்றன என்று காட்டினார். குற்றவாளி வீட்டு வாசலில் நின்ற வண்டியே!

1970ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. 1975ஆம் ஆண்டு வண்டிகள், காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபன்களையும் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் குறைத்தல் வேண்டும் என்றது. காலம் போதாது என்றனர் உற்பத்தியாளர். 1973இல் தவணை கிடைத்தது. ஆயினும் இடைக்காலத்துக்கு விதித்த அளவே கடுமையாயிருந்தமையால், 1975ஆம் ஆண்டு வண்டிகளிற் பெரும்பாலானவை ஊக்கி மாற்றியுடன் வெளிவந்தன.

அஃது என்ன? தேன்கூடு போன்ற நுண்டுளைகள் கொண்ட கட்டி. அதன்மேற் பிளாற்றினம், பலேடியம், உரோடியம் என்னும் உலோகங்களின் மெல்லிய பூச்சு. இக்கால மாற்றியிற் புகை நுழையும்போது, காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாகவும், ஐதரோகாபன்கள் அதனோடு நீராகவும், நைதரசன் ஒட்சைட்டுகள் வெறும் நைதரசனாகவும் மாறுகின்றன. இதற்குப் பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறக்குறைய 14.7 பங்கு நிறையிற் சேரவேண்டும்.

இக்கருவிக்கு ஈயம் பெரும்பகை. எஞ்சின் தட்டாதிருக்கப் பெற்றோலில் 1920களிலிருந்து ஈயம் கலந்து வந்தனர். கருவியைக் காக்கவென ஈயமற்ற பெற்றோல் வந்தது; அதனாற் குழந்தைகளின் மூளையும் காக்கப்பட்டது. இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நீங்கியது. உலகிற் கடைசியாக அல்ஜீரியா அதனை 2021இற் கைவிட்டது.

அன்பர்களே, நமது நாட்டில் வருடாந்தப் புகைப் பரிசோதனை 2008இல் ஆரம்பமாயிற்று. பரிசோதனை நாளுக்காக மட்டும் எஞ்சினைச் சீர்செய்தாற் போதுமா? பத்திரம் ஒருநாள் அளவையே காட்டும். நுரையீரலோ ஆண்டு முழுவதும் மூச்சிழுக்கும். உலோகத்தின் விலைக்காக மாற்றியைக் கழற்றி விற்பவன், அயலானின் சுவாசத்தையே விற்கின்றான்.

மாற்றி சூடேறிய பின்னரே செவ்வனே வேலைசெய்யும். ஆதலின், குளிர்ந்த எஞ்சினுடன் ஓடும் முதற் சில நிமிடங்களிலேதான் நஞ்சு மிகுதி. கூப்பிடு தூரத்துக் கடைக்கு வண்டியை எடாது நடப்போமாயின், சிறிய செயலால் பெரிய நன்மை உண்டு. மேலும், எத்தகைய மாற்றியும் பூமியை வெப்பமாக்கும் காபனீரொட்சைட்டைத் தடுக்காது. அதனைக் குறைக்கப் பெற்றோலையே குறைவாக எரித்தல் வேண்டும். பஸ்ஸும் சைக்கிளும் அதற்கு உதவும்.

“என் ஒரு வண்டியால் என்ன கேடு வந்துவிடும்?” என்று கேட்கலாம். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகை, ஒவ்வொன்றாகச் சேர்ந்த வண்டிகளின் புகைதான். பழி சுமத்தப் பிறரைத் தேடியவரை அந்நகர மக்களுக்கு வழி தெரியவில்லை. தம் வாசலைப் பார்த்த பின்னரே வழி பிறந்தது. நாமும் நம் வாசலிலிருந்து தொடங்குவோமாக.