மறைத்து வைத்த ஊசி

(நமது ஆஸ்பத்திரியின் ஆண்டு ஸ்தோத்திரக் கூட்டத்தில் ஆஸ்பத்திரி குருவானவர் ஆற்றிய உரை. நம்மைத் தாங்கும் நண்பர்கள் பலர் கேட்டுக்கொண்டபடி இங்கே வெளியிடப்படுகிறது.)



ஆண்டுதோறும் இந்தக் கூட்டத்தில் குணமானவர்களைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். இந்த ஆண்டு நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நான் சொல்லப்போகும் சகோதரி இதற்குச் சம்மதம் தந்திருக்கிறார். "சொல்லுங்க ஐயா, என்னை மாதிரி இன்னும் நாலு பேர் ஒளிச்சு வச்சிருப்பாங்க" என்பது அவருடைய வார்த்தை. அவரை நான் டீச்சர் என்றே அழைப்பது வழக்கம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெண்கள் வார்டில் ஜெபத்துக்காகச் சென்றபோது டீச்சர் ட்ரிப் ஏறியபடி படுத்திருந்தார். உதடு காய்ந்து, கண் குழிந்திருந்தது. பத்து நாட்களாக வாந்தி. இரண்டு நாட்களாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. சிறுநீர் மிகவும் குறைந்துவிட்டது. இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்ததால், சிறுநீரகம் கஷ்டப்படுகிறது என்று டாக்டர் அம்மா கவலைப்பட்டுக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். வீட்டார் "கேஸ் டிரபிள்" என்றார்கள். டீச்சரும் அதற்குத் தலையாட்டினார்.

நான் ஜெபித்து முடித்ததும் அவர் என் கையைப் பிடித்து, தணிந்த குரலில் சொன்னார்: "ஐயா, நான் எடை குறையிற ஊசி போட்டுக்கிட்டிருக்கேன். மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தான். அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்களும் டாக்டர் அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "லெந்து நாட்கள்ல நீங்க போஜனப்பிரியத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினீங்களே ஐயா" என்றார்.

அந்தப் பிரசங்கம் எனக்கு நினைவிருந்தது. பந்தியில் மூன்றாம் முறை பிரியாணி கேட்கிறவர்களைப் பற்றி வேடிக்கையாகப் பேசினேன். சபை சிரித்தது. டீச்சரும் சிரித்தாராம். அன்று இரவு, எடை குறைய ஊசி போடுவது தெரிந்தால் ஊரும் சபையும் என்ன சொல்லும் என்று எண்ணி, ஊசிப் பேனாக்களைப் பிரிட்ஜில் காய்கறிப் பெட்டியின் அடியில் தாளில் சுற்றி வைத்தாராம். குருத்துவக் கல்லூரியில் பிரசங்கம் செய்யக் கற்றுக்கொண்டேன். என் வேடிக்கைப் பேச்சு யாருடைய வீட்டில் போய் விழும் என்று எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை.

அன்பானவர்களே, இந்த ஊசி என்ன என்று சுருக்கமாகச் சொல்லுகிறேன். நம் டாக்டர்களிடம் கேட்டும் அவர்கள் கொடுத்ததை வாசித்தும் அறிந்ததைத்தான் சொல்கிறேன்.

நாம் சாப்பிட்டதும் நம் குடலிலிருந்து ஜி.எல்.பி.-1 என்கிற ஹார்மோன் சுரக்கிறது. அது மூளைக்குப் "போதும்" என்று சொல்லுகிறது, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது, சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவுகிறது. இயற்கையில் அது சில நிமிடங்களே நிலைக்கும். அதைப்போலச் செயல்பட்டு, நாட்கணக்கில் நிலைக்கிற மருந்தே செமாகுளுடைட். வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. டிர்செபடைட் என்பது அதோடு இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் செய்கிறது. நம் நாட்டில் டிர்செபடைட் 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரிலும், எடை குறைப்புக்கான செமாகுளுடைட் 2025 ஜூனில் வெகோவி என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தன.

இவை மாயமருந்து அல்ல, ஏமாற்று மருந்தும் அல்ல. 2021-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில் 1961 பேர் பங்கெடுத்தார்கள். செமாகுளுடைட் ஊசி போட்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாகத் தங்கள் எடையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைந்தார்கள். அதே ஆராய்ச்சியில் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்குக் குமட்டல் வந்தது. ஏறத்தாழ 25 பேருக்கு வாந்தி, 23 பேருக்கு மலச்சிக்கல், 31 பேருக்கு வயிற்றுப்போக்கு. பெரும்பாலும் இவை லேசானவை, நாளடைவில் தணிபவை. மருந்தின் அளவை ஏற்றும் நாட்களில்தான் அதிகம் தெரியும்.

அதனால்தான் அளவைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். செமாகுளுடைட் வாரத்துக்கு 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்குப் பின்னரே 0.5-க்குப் போகிறது. முழு அளவான 2.4-ஐ எட்ட நான்கு மாதமாவது ஆகும். உடம்பு ஏற்கவில்லையானால் டாக்டர் அதே அளவில் நிறுத்தி வைப்பார், அல்லது குறைப்பார். நம் டீச்சரோ, மகளின் கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று இரண்டாம் வாரத்திலேயே கூட்டி, நான்காம் வாரத்தில் 1 மில்லிகிராமுக்கு வந்துவிட்டார். குமட்டல் தொடங்கியபோது கேட்பதற்கு ஆளில்லை. ஏனென்றால் ஊசி போடுவதே யாருக்கும் தெரியாதே! ஊசி கெடுதல் செய்ததைவிட இரகசியம் அதிகக் கெடுதல் செய்தது என்று நான் துணிந்து சொல்லுவேன்.

அன்று காலை என் நிலையை நினைத்துப் பாருங்கள். நம்பிச் சொன்னதை நான் வெளியே சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் டாக்டர் இருட்டில் தேடிக்கொண்டிருப்பார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "டீச்சர், அந்தப் பிரசங்கத்துக்காக என்னை மன்னியுங்கள். பருத்த உடம்பைப் பார்த்து இது பெருந்தீனியின் பலன் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. பரம்பரை, ஹார்மோன், வேலை, கவலை, பிரசவம், மருந்து எல்லாம் சேர்ந்துதான் எடை" என்றேன். பிறகு எலியாவைப் பற்றிப் பேசினேன். சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்திருந்தவனைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி, ஒரு அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான். அவன் புசித்துக் குடித்து மறுபடியும் படுத்தபோது, இரண்டாந்தரமும் எழுப்பிக் கொடுத்தான். களைத்தவனுக்கு ஆண்டவர் கொஞ்சங்கொஞ்சமாகவே ஆகாரம் கொடுக்கிறார். நான் சொல்லி முடித்தபோது டீச்சர் அழுதார். அரைமணி நேரம் கழித்து, "டாக்டர் அம்மாவைக் கூப்பிடுங்க ஐயா, நானே சொல்லிடுறேன்" என்றார்.

டாக்டர் அம்மா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "நல்லவேளை சொன்னீங்க" என்று மட்டும் சொல்லி வேலையைத் தொடங்கினார். ஊசி நிறுத்தப்பட்டது. ஆனால் வாராந்திர ஊசியின் மருந்து உடம்பிலிருந்து முழுவதும் நீங்க ஐந்து வாரம் வரை ஆகும் என்பதால், ட்ரிப்பும் வாந்திக்கு மருந்தும் கொடுத்துப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறாம் நாள் கிரியேட்டினின் இறங்கியது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

வீட்டுக்குப் போகுமுன் எங்கள் உணவு ஆலோசகர் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். உங்களிலும் சிலர் இந்த ஊசி போடுகிறவர்களாக இருக்கலாம்.

ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சாப்பிடுங்கள். வயிறு "போதும்" என்றவுடன் தட்டில் மீதியிருந்தாலும் நிறுத்துங்கள். வடை, பூரி, எண்ணெய் மிதக்கும் குழம்பு, காரம் ஆகியவற்றைத் தவிர்த்து, இட்லி, ரசம் சாதம், மோர், வேகவைத்த முட்டை, பருப்பு என்று எளிதானதைச் சாப்பிடுங்கள். எடையோடு தசையும் குறையுமாகையால் முட்டை, மீன், பயறு, சுண்டலை முதலில் சாப்பிடுங்கள். சாப்பிட்டவுடன் படுக்க வேண்டாம். பசியில்லை என்று தண்ணீரையும் மறந்துவிடாதீர்கள். ஒரே மூச்சில் குடிக்காமல் நாள் முழுவதும் வாய் வாயாகக் குடியுங்கள். மலச்சிக்கலுக்குக் கீரை, பப்பாளி, தண்ணீர், மாலை நடை. இவற்றால் தீராவிட்டால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள்.

இனி, வீட்டில் காத்திருக்கக் கூடாதவை. தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது, எழுந்தால் மயக்கம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி. அது கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலா எலும்பின் கீழ் வலியோடு காய்ச்சல், கண் மஞ்சளாவது. எடை வேகமாகக் குறைகிறவர்களுக்குப் பித்தப்பைக் கல் வருவதுண்டு. பார்வையில் திடீர் மாற்றம். இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ கூட எடுக்கிறவர்களுக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரலாம். அப்போது முதலில் சர்க்கரையோ இனிப்பு நீரோ கொடுத்து, பிறகு அழைத்து வாருங்கள். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் லெந்து உபவாசம் இருக்கவும் கூடாது. மயக்கம் கொடுக்கும் ஆபரேஷன் என்றால், வயிறு மெதுவாகவே காலியாகும் என்பதால் ஊசியைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும். குழந்தைக்கு விரும்புகிற தாய்மார் செமாகுளுடைட்டை இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். குடும்பத்தில் மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கு இந்த ஊசி ஆகாது.

இன்னொன்று. ஊசியை நிறுத்தியபின் எடை பெரும்பாலும் திரும்பி வருகிறது. மேலே சொன்ன ஆராய்ச்சியைத் தொடர்ந்து கவனித்தபோது, நிறுத்தி ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. கல்யாணத்துக்குள் முடித்துவிடும் காரியமல்ல இது. டாக்டரோடு நீண்ட நாள் நடக்கும் நடை. ஆகவே விலையையும் சேர்த்து எண்ணிப் பார்த்தே தொடங்க வேண்டும்.

உங்கள் காணிக்கையில் இந்த ஊசி வாங்கப்படுகிறதா என்று சிலர் கேட்டீர்கள். இல்லை. உங்கள் காணிக்கை செய்வது வேறொன்று. புதன்கிழமை பிற்பகலில் எங்கள் சிஸ்டர் ஒருவர் வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்காருகிறார். சர்க்கரைக்கும் எடைக்கும் மருந்து எடுக்கிற யாரும் கட்டணமில்லாமல் அவரிடம் போகலாம். என்ன சாப்பிட்டீர்கள், தண்ணீர் தங்கியதா, மலம் போயிற்றா, எந்த ஊசி, யார் கொடுத்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுவார். கவலைக்குரியதானால் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போவார். அந்த நாற்காலிக்கும் அந்தப் பிற்பகலுக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள். டீச்சருக்குப் பின் அந்த மேசைக்கு வந்து, பைக்குள்ளிருந்து ஊசிப் பேனாவை எடுத்துக் காட்டியவர்கள் உண்டு.

உங்களிடம் பணத்தோடு இன்னும் இரண்டு காணிக்கைகளைக் கேட்கிறேன். ஆலய வாசலில் ஒருவரைப் பார்த்து "இளைச்சுப் போயிட்டீங்களே, சுகரா?" என்றோ, "நல்லாப் பூசினாப்ல இருக்கீங்க" என்றோ சொல்லாதிருங்கள். "சுகமா இருக்கீங்களா?" என்பது போதும். அறுப்பின் பண்டிகைப் பந்தியில் "போதும்" என்று கை மறிக்கிறவர் இலையில் அன்பின்பேரில் இன்னும் ஒரு கரண்டி போடாதிருங்கள். அந்தக் கரண்டி அவருக்கு இரவெல்லாம் வாந்தியாகலாம்.

டீச்சர் இப்போது டாக்டர் அம்மாவின் மேற்பார்வையில் மறுபடியும் 0.25-லிருந்து தொடங்கியிருக்கிறார். மகளின் கல்யாணத்தில் அவர் ஒன்றும் இளைத்துப் போயிருக்கவில்லை. முன்வரிசையில் நின்று பாடினார். பந்தியில் அரை இலை சாதத்துக்கு ரசம் கேட்டபோது, பரிமாறிய தம்பி "அவ்வளவுதானா அம்மா?" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் வாய் திறக்குமுன் டீச்சரே, "ஊசி போடுறேன் தம்பி, இதுதான் என் அளவு" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

யவீருவின் மகளை எழுப்பிய ஆண்டவர், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி வீட்டாருக்குச் சொன்னார். எழுப்புகிறவர் அவர். பார்த்துப் பதமாய்க் கொடுக்கும் வேலையை நம்மிடம் விட்டிருக்கிறார். அந்த வேலையில் எங்களோடு நிற்கிற உங்களையும் உங்கள் குடும்பங்களையும் அவர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.