பிரித்தறியப் பழக்குவதே முதற்பாடம்

(பெற்றோர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்பதற்கு முன் எதைக் கற்பிக்க வேண்டும் என்பது பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல எண்ணுகின்றோம். பொருள்களைப் பார்த்து, தொட்டு, இனம் இனமாகப் பிரித்து வைக்கப் பழக்குங்கள் என்பதே நாம் சொல்லுவது. பகுத்தறிவு, பகுத்தறிவு என்று வாய் ஓயாமல் பேசுகின்றோமே, அந்த வார்த்தையில் முதலில் நிற்பதே பகுத்தல்தான். பகுக்கப் பழகாதவனுக்குப் பகுத்தறிவு எங்கிருந்து வரும்?

முறம் ஒன்று போதும்

இதற்குக் காசு வேண்டியதில்லை. ஒரு முறத்தில் புளியங்கொட்டை, மொச்சைக்கொட்டை, சோழி, பொத்தான் ஆகியவற்றைக் கலந்து கொட்டுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் இவற்றை வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளுமாதலால், அவர்களுக்குக் கரண்டி, டம்ளர், கொட்டாங்கச்சி போன்ற பெரிய சாமான்களையே கொடுங்கள். "ஒன்றுபோல் இருப்பதை ஒன்றாக வை" என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். குழந்தை நிறத்தைப் பார்த்து ஆரம்பிக்கும். நடுவில் அதை மறந்து உருவத்தைப் பார்த்து வைக்கும். "தப்பு" என்று கையைத் தட்டாதீர்கள். "ஏன் இதை இங்கே வைத்தாய்?" என்று கேளுங்கள். அது சொல்லும் காரணம் நமக்குத் தோன்றாததாக இருக்கலாம். கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ சொன்ன காரணமாக இருந்தால் அதை ஒப்புக்கொள்ளுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் கலந்துவிட்டு, "இப்பொழுது வேறு விதமாகப் பிரி" என்று சொல்லுங்கள். இதுதான் முக்கியம். நிறத்தால் பிரித்த அதே சாமான்களை வழவழப்பு, சொரசொரப்பு என்றும் பிரிக்கலாம். தண்ணீரில் மிதப்பது, முழுகுவது என்றும் பிரிக்கலாம். எந்தப் பிரிவும் ஏதோ ஓர் அடையாளத்தைக் கொண்டு, ஏதோ ஒரு காரியத்துக்காக மனிதன் செய்துகொண்டதே என்பது குழந்தைக்குத் தானே விளங்கிவிடும்.

அறிஞர்கள் கண்டது

இது நமது சொந்தக் கற்பனையல்ல. இத்தாலி தேசத்து மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரில் ஏழைகள் வாழ்ந்த பகுதியில் குழந்தைகள் இல்லம் தொடங்கி, நிறப் பலகைகளை ஜோடி சேர்க்கவும், கண்ணைக் கட்டிக்கொண்டு துணிகளைத் தொட்டுப் பிரிக்கவும் பழக்கினார். 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார்.

சுவிட்சர்லாந்து தேசத்துப் பியாஜே என்பவர் மரமணிகளைக் காட்டிக் குழந்தைகளைச் சோதித்தார். அவற்றில் பெரும்பாலானவை பழுப்பு, இரண்டொன்று வெள்ளை. "பழுப்பு மணி அதிகமா, மரமணி அதிகமா?" என்றால் ஐந்து வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் "பழுப்புதான்" என்றன. முழுமையையும் அதன் பகுதியையும் ஒருங்கே மனதில் வைப்பது அந்த வயதுக்குக் கஷ்டம். ஏழெட்டு வயதில் பெரும்பாலும் தானே வந்துவிடும். ஆகையால், சரியாகச் சொல்லாத குழந்தையை மக்கு என்று அடிப்பவர்களே தவறு செய்தவர்களாவார்கள்.

பெரியவர்களும் பிரிவை மாற்றியதுண்டு. 1735-இல் திமிங்கிலத்தை மீன்களோடு வைத்த லின்னேயஸ் என்னும் அறிஞர், 1758-இல் அதை எடுத்துப் பாலூட்டிகளோடு சேர்த்தார். அது நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது என்பவையெல்லாம் அதற்குக் காரணங்கள். முன்பு தாம் எழுதியதாயிற்றே என்று அவர் பிடிவாதம் செய்யவில்லை.

நாம் கற்பிக்காவிட்டால்?

தோழர்களே! நாம் கற்பிக்காவிட்டாலும் குழந்தை பிரிவினையைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. விளக்குமாறு பெண்ணுக்கு, பம்பரம் ஆணுக்கு என்று வீட்டில் கற்கிறது. விளக்குமாற்றைக் குழந்தையிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். வாளியோடும் முறத்தோடும் வைக்குமே தவிர, அக்காளோடு வைக்காது. இன்னார் தெருவில் தண்ணீர் குடிக்காதே என்று ஊரில் கற்கிறது. 1950-இல் வந்த அரசியல் சட்டம் தீண்டாமை ஒழிந்தது என்று எழுதிவிட்டது. இந்தப் பாடமோ இன்னும் ஒழியவில்லை. பத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "ஜாதிவாரியாகப் பிரி" என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். உயரத்தால் பிரிக்கும், சட்டை நிறத்தால் பிரிக்கும்; ஜாதியால் பிரிக்க அதற்கு ஓர் அடையாளமும் அகப்படாது. யாராவது காதில் சொன்னால்தான் உண்டு. கண்ணுக்கும் கைக்கும் அகப்படாமல் காதில் ஓதப்பட்டே நிற்கும் பிரிவு எப்படிப்பட்டதென்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, இன்றிரவே முறத்தை எடுத்து வையுங்கள். "எதைக் கொண்டு பிரித்தாய்?" என்று உங்கள் குழந்தையைக் கேளுங்கள். நாளை அது வளர்ந்து, "நீங்கள் எதைக் கொண்டு பிரித்தீர்கள்?" என்று உங்களையே கேட்கும். அப்பொழுது கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லத் தயாராயிருங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.