பழைய டிஜிகேம் வாங்கியாச்சா? முதல்ல தேதியை செட் பண்ணுங்க

(ஒலி வடிவில் வந்த அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் என் ஃப்ரெண்டு ஒருத்தன் ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு திரிஞ்சு ஒரு பழைய காம்பாக்ட் கேமரா வாங்கிட்டு வந்தான். சின்னதா, வெள்ளி நிறத்துல, பாக்கெட்ல போடுற சைஸ். செல் போட்டு ஆன் பண்ணினதும் ஸ்கிரீன்ல முதல்ல வந்தது தேதி கேட்குற பக்கம். அவன் பாக்கவே இல்லை. டக்குனு கேன்சல் அழுத்திட்டு என்னைப் படம் எடுக்க வந்தான்.

"டேய், இருடா. முதல்ல தேதியை வை"ன்னு சொன்னேன். கொஞ்சம் கோபமாவே சொல்லிட்டேன்னு நினைக்கிறேன். "ஒரு தேதிக்கா இவ்வளவு?"ன்னு கேட்டான். அந்தக் கேள்விக்கான பதில்தான் இன்னைக்கு எபிசோடு.

ஜனவரி 1, 2006

2010-ல உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேல டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போச்சு. அதுதான் உச்சம். அதுக்கப்புறம் போன் வந்து எல்லாத்தையும் முழுங்கிடுச்சு. அந்தக் கேமராவெல்லாம் அலமாரியில, பீரோவுல தூங்குது. எங்க வீட்டிலயும் ஒண்ணு இருக்கு. 2007-ல அப்பா வாங்கினது. ரெண்டு பென்சில் செல்லில் ஓடும்.

இந்த மாதிரி கேமராக்குள்ள தேதி, நேரத்தை ஞாபகம் வெச்சிருக்க தனியா ஒரு குட்டி பேட்டரி இருக்கும். சிலதுல பட்டன் செல். சிலதுல உள்ளேயே பொதிஞ்சது, பெரிய பேட்டரியில இருந்து சார்ஜ் ஏத்திக்கும். அது செத்துப் போச்சுன்னா, நீங்க செல்லைக் கழட்டி மாட்டுற ஒவ்வொரு தடவையும் கேமரா தான் பொறந்த தேதிக்கே திரும்பிப் போயிடும். எங்க கேமராவுக்கு அது 2006 ஜனவரி 1.

எங்க கேமராவுல அந்தக் குட்டி பேட்டரி 2009 ஆரம்பத்துல போயிடுச்சு. சார்ஜ் போட செல்லைக் கழட்டுவார் அப்பா. திரும்ப மாட்டினதும் தேதி கேட்கும். அவசரத்துல கேன்சல் அழுத்துவார். ஒரு வருஷம் முழுக்க இப்படியே போச்சு. அது எங்க அப்பத்தாவோட கடைசி வருஷம். 2010 பொங்கலுக்கு அவங்க இல்லை.

அந்த வருஷம் அவங்களை எடுத்த படம் கிட்டத்தட்ட 200 இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே தேதி: 2006 ஜனவரி 1. படத்தோட ஃபைலுக்குள்ளயே எக்சிஃப்னு ஒரு குறிப்பு எழுதப்படும். எந்த கேமரா, என்ன ஷட்டர் வேகம், ஃப்ளாஷ் அடிச்சதா, எந்தத் தேதி, எத்தனை மணி எல்லாம் அதுல இருக்கும். போன் கேலரி படங்களை அடுக்குறது அந்தத் தேதியை வெச்சுத்தான். நான் இந்தப் படங்களைப் போன்ல ஏத்தினப்போ ஒரு வருஷமும் ஒரே நாளாக் குவிஞ்சு, குலுக்கிப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி வந்துச்சு.

யாரும் பாக்காத ஒரு மெனு

இதைச் சரி பண்ண உதவினது, செட்டப் மெனுவோட அடியில கிடக்கிற ஒரு வரி. ஃபைல் நம்பரிங். அதுல ரெண்டே ஆப்ஷன்: கன்டினியூயஸ், ஆட்டோ ரீசெட்.

ஆட்டோ ரீசெட்னா, புது கார்டு போட்டாலோ ஃபார்மேட் பண்ணினாலோ படத்தோட எண் திரும்ப 0001-ல தொடங்கும். கன்டினியூயஸ்னா எண் ஏறிக்கிட்டே போகும், 9999 வரைக்கும். கார்டைத் திறந்தா டிசிஐஎம்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள 100, 101னு தொடங்குற ஃபோல்டர்கள், ஒவ்வொரு படத்துக்கும் நாலு இலக்க எண். 1998-ல வந்த ஒரு பொது விதிப்படி எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் அடுக்குறாங்க. அதனாலதான் எந்த கேமராவோட கார்டையும் எந்த கம்ப்யூட்டரும் படிக்குது.

எங்க கேமரா கன்டினியூயஸ்ல இருந்துச்சு. அப்பா வெச்சதில்லை, வாங்கும்போதே அப்படி இருந்திருக்கு. அதனால தேதி பொய் சொன்னாலும் எண் பொய் சொல்லலை. ஆட்டோ ரீசெட்ல இருந்திருந்தா ஒவ்வொரு தடவையும் 0001 வந்து, ஒரே ஃபோல்டர்ல காப்பி பண்ணும்போது பழைய படத்து மேலயே புதுப் படம் உக்காந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு.

சிடியில வந்த சாஃப்ட்வேர்

அந்தக் காலத்துல கேமரா டப்பாவுக்குள்ள ஒரு சிடி கட்டாயம் இருக்கும். கேனான்னா ஜூம்பிரவுசர், நிக்கான்னா பிக்சர்ப்ராஜெக்ட், கோடாக்னா ஈசிஷேர். படத்தை இறக்குறது, ஆல்பம் போடுறது, படத்துக்குக் கீழ குறிப்பு எழுதுறது எல்லாத்துக்கும் அதுதான்.

அப்பாவும் கேமராவோட வந்த சாஃப்ட்வேர்ல ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒவ்வொரு படத்துக்கும் பொறுமையா தமிழ்ல குறிப்பு எழுதுவார். "அம்மா, கண் ஆபரேஷனுக்கு முந்தின நாள்" மாதிரி. 2013-ல கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ ஆகி, ஃபார்மேட் பண்ணிட்டோம். அதுக்கு முன்னாடி அப்பா கவனமா போட்டோ ஃபோல்டரை ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்தார். அப்புறம் சிடியைப் போட்டு சாஃப்ட்வேரைத் திரும்ப ஏத்தினா, படம் எல்லாம் இருக்கு, ஒரு குறிப்பு கூட இல்லை.

ஏன்னா அந்த சாஃப்ட்வேர் குறிப்பை எல்லாம் தனக்குன்னு ஒரு டேட்டாபேஸ்ல வெச்சிருந்துச்சு. அது இருந்த இடம் சி டிரைவ்ல வேற எங்கயோ. சில சாஃப்ட்வேர் குறிப்பை ஃபைலுக்குள்ளயே எழுதும், சிலது தன் நோட்டுப் புத்தகத்துல எழுதும். நீங்க இன்னைக்கு எந்த ஆப்ல ஆல்பம் போட்டாலும், டேக் பண்ணினாலும் இதே கேள்வியைக் கேளுங்க: நான் எழுதினது படத்தோட வருமா, ஆப்போட போயிடுமா?

மத்ததெல்லாம் 2 நிமிஷம்

இப்போ பழைய கேமரா வாங்கினவங்களுக்கு வேகமா சில செட்டிங்ஸ்.

டிஜிட்டல் ஜூமை ஆஃப் பண்ணுங்க. அது படத்தை வெட்டிப் பெருசாக்குறது மட்டும்தான், லென்ஸ் நகராது. படத்தோட சைஸ் பெருசு, குவாலிட்டி ஃபைன். ஐஎஸ்ஓ 200-ஐத் தாண்டாம பாத்துக்கங்க, அந்தக் குட்டி சென்சாருக்கு அதுக்கு மேல புள்ளி புள்ளியா வரும். சிலருக்கு அதுதான் பிடிக்கும், அது உங்க இஷ்டம். ஃப்ளாஷ் சுமார் 3 மீட்டர் தூரத்துக்குத்தான் எட்டும், கச்சேரி மேடைக்கு எல்லாம் போகாது. ட்யூப்லைட் வெளிச்சத்துல முகம் பச்சையா வந்தா ஒயிட் பேலன்ஸை மாத்துங்க. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர்னா கேமரா குழம்பி அதைச் சாம்பலாக்கும். அப்போ எக்ஸ்போஷரை +1 பக்கம் ஏத்துங்க.

கார்டு முக்கியம். 2006-க்கு முந்தின கேமரா பெரும்பாலும் 2 ஜிபி வரைக்குமான சாதா எஸ்டி கார்டைத்தான் படிக்கும். புது 64 ஜிபி கார்டைப் போட்டா எரர் காட்டும், கேமரா கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க. இன்னொண்ணு: பழைய கேமராவோட ஒரு கார்டும் வந்துச்சுன்னா உடனே ஃபார்மேட் அடிக்காதீங்க. முதல்ல காப்பி எடுங்க. தெரியாம அடிச்சுட்டீங்கன்னா அதுக்கப்புறம் ஒரு படம் கூட எடுக்காம நிறுத்துங்க. சாதாரண ஃபார்மேட் அழிக்கிறது பட்டியலைத்தான். மேல புதுசா எதுவும் எழுதாத வரைக்கும், போட்டோரெக் மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல பெரும்பாலும் மீட்டுடலாம்.

0873

போன தீபாவளிக்கு நானும் அப்பாவும் அந்த 200 படத்தையும் எண் வரிசையில போட்டு உக்காந்தோம். 0873-ல அப்பத்தா விரலைக் காட்டிச் சிரிக்கிறாங்க, விரல்ல மை. அப்பா உடனே, "ஓட்டுப் போட்டுட்டு வந்தப்ப எடுத்தது"ன்னார். தமிழ்நாட்டுல 2009 நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது மே 13. ஆக அதுக்குக் கீழ இருக்கிற எண் எல்லாம் மே 13-க்கு முன்னாடி, மேல இருக்கிறது எல்லாம் பின்னாடி. 1020-ல மத்தாப்பு. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 17. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு படத்துல திடீர்னு கறுப்புக் கண்ணாடி. கண் ஆபரேஷன் எப்போன்னு அத்தைக்கு போன் போட்டுக் கேட்டோம். அத்தை மாசத்தைச் சொன்னாங்க, கூடவே அரை மணி நேரம் அந்த ஆஸ்பத்திரிக் கதையையும் சொன்னாங்க.

எக்சிஃப்டூல்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதை வெச்சு தேதிகளைத் திருத்தினேன். நாள் தெரிஞ்சதுக்கு நாள், தெரியாததுக்கு மாசம் மட்டும் தோராயமா. குறிப்பையும் இந்தத் தடவை ஃபைலுக்குள்ளயே எழுதினோம். பழைய குறிப்புல பாதி அப்பாவுக்கு ஞாபகம் இருந்துச்சு. மீதிக்கு கொஞ்ச நேரம் படத்தையே பாத்துட்டு, "தெரியலப்பா, அடுத்தது போ"ன்னார். ஒரு முப்பது நாப்பது படம் அப்படித்தான் கிடக்கு.

அதான் மக்களே, ஒரு தேதிக்கு இவ்வளவு. கேமராவை ஆன் பண்ணினா தேதி, ஃபைல் நம்பரிங் ரெண்டையும் பாத்துடுங்க. பட்டன் செல்லா இருந்தா மாத்துங்க. படத்தை வாட்ஸ்அப்ல சும்மா போட்டோவா அனுப்பினா எக்சிஃப் போயிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க. வீட்டுல தேதி இல்லாத படம் இருந்தா, அதைப் பத்தித் தெரிஞ்சவங்க இருக்கும்போதே கூட உக்காந்து கேட்டு எழுதி வெச்சுடுங்க.

என் ஃப்ரெண்டு தேதி வெச்சுட்டான். நேரம் மட்டும் 12 மணி நேரம் தப்பு, ராத்திரியைப் பகல்னு காட்டுது. அதையும் சொல்லிட்டேன். அடுத்த வாரம் பாப்போம்.