மருத்துவத்தின் ஐந்தாம் கூறு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிசெய்பவர் என்பன அந்நான்கு. வரிசையில் முதலிடம் நோயுற்றவருக்கே தரப்பட்டிருப்பது கருதத்தக்கது. இன்றைய மருத்துவமனையில் இந்நான்கிற்கும் இடையே ஐந்தாவதாக ஒன்று வந்து அமர்ந்திருக்கிறது. அது பதிவு. நேற்று வரை அது ஓ.பி. சீட்டாக, நோயாளியின் மஞ்சள் பைக்குள் மடிந்து கிடந்தது. இன்று அது கணிப்பொறிக்குள் குடிபெயர்ந்துகொண்டிருக்கிறது. நாளை அதுவே மருத்துவருக்கு யோசனை சொல்லும் நிலையும் வந்துவிடும். இதனை ஆராயும் துறைக்கு மருத்துவத் தகவலியல் என்று பெயர்.

இத்துறையின் எதிர்காலம் மருத்துவர்க்கும் பொறியாளர்க்கும் மட்டுமே உரிய பொருள் என்று ஓர் இலக்கிய வட்டம் ஒதுங்கிவிட முடியாது. பதிவு என்பது சொல்லால் ஆவது. நோயாளி சொன்ன சொல் பதிவில் நின்றதா, நழுவியதா என்பதைப் பொறுத்தே பல வேளைகளில் உயிர் நிற்பதும் நழுவுவதும் அமைகிறது. சொல் பற்றிய வழக்கில் கவிஞர் சாட்சி சொல்லியாக வேண்டும்.

பெயரும் எண்ணும்

நோயைக் கணக்கெடுக்கும் முயற்சி கணிப்பொறியோடு தொடங்கியதன்று. இலண்டன் மாநகரில் வாரந்தோறும் இறப்புப் பட்டியல்கள் வெளியிடப்பெற்றன. ஜான் கிராண்ட் என்னும் வணிகர் அப்பட்டியல்களைத் திரட்டி ஆராய்ந்து 1662இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்பட்டியலுக்கு வேண்டிய செய்தியைத் தந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர்; இறந்தார் வீட்டுக்குச் சென்று உடலைப் பார்த்து வந்து காரணம் சொன்ன முதிய பெண்களே. அவர்களுட் சிலர் கையூட்டுப் பெற்று, வெளியில் சொல்லக் கூசும் நோயை வேறொரு பெயரால் மறைத்தனர் என்பதையும் கிராண்ட் எழுதிவைத்தார். பதிவில் பொய் புகும் வழியை முதற்கணக்காளரே கண்டுகொண்டார் எனலாம்.

அவருக்குப் பின் வந்தவர் வில்லியம் ஃபார். இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவகத்தில் பணியாற்றிய அவர், 1839இல் வெளிவந்த முதலாண்டு அறிக்கையிலேயே இரு குறைகளைச் சுட்டினார். ஒரே நோய் பல பெயர்களால் வழங்குகிறது. ஒரே பெயர் பல நோய்களைக் குறிக்கிறது. இவ்விரு குறைகளையும் நீக்காமல் கணக்குச் சரிவராது என்பது அவர் முடிவு. 1893இல் ஜாக் பெர்த்திலோன் வகுத்த பட்டியல் பல நாடுகளுக்குப் பொதுவாயிற்று. 1948இல் உலக நலவாழ்வு நிறுவனம் அப்பணியை ஏற்றது. அதன் பதினோராம் பதிப்பு 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. உலகில் எம்மொழியில் எந்நோய் சொல்லப்பட்டாலும் அதற்கு ஒரு குறியெண் கிடைக்கும் என்பதே இவ்வகைப்பாட்டின் பயன்.

ஃபார் சொன்ன இரு குறைகளையும் தமிழில் வைத்துப் பார்த்தல் தகும். தமிழ்நாட்டார் சர்க்கரை என்பதை ஈழத்தார் சீனி வருத்தம் என்பர். மலேசியத் தமிழர் இனிப்பு நீர் என்பர். எழுதும்போது அது நீரிழிவு. சித்த மருத்துவ ஏட்டில் மதுமேகம். இது ஒரு நோய்க்குப் பல பெயர். மயக்கம் என்னும் சொல்லோ இதற்கு மறுதலை. தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருண்டாலும் மயக்கம், நினைவிழந்து விழுந்தாலும் மயக்கம். உலக வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் தலைசுற்றலுக்கு ஆர் 42. நினைவிழந்து வீழ்தலுக்கு ஆர் 55. ஒரு சொல்லுக்கு இங்கே இரண்டு எண்கள். எந்த எண்ணை இடுவது என்பது கேட்பவர் காதைப் பொறுத்தது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் வரிசையில் நெடுநேரம் நின்ற மூதாட்டி, மருத்துவர் முன் வந்து அமர்கிறார்.

"மயக்கமா வருது சாமி."

"தலை சுத்துதா பாட்டி, இல்ல நெனவு தப்பி விழுந்துட்டீங்களா?"

"விழல சாமி. காலையில சக்கர மாத்திரையப் போட்டுட்டுக் களை வெட்டப் போனேன். கஞ்சி குடிக்கல. ஒடம்பெல்லாம் வேர்த்து, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு."

இம்மூதாட்டியின் மறுமொழியில் நோய், காரணம், மருந்து மூன்றுமே அடங்கியிருக்கின்றன. உண்ணாமல் மாத்திரை விழுங்கியதால் குருதியில் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம் என்பதை மருத்துவர் உடனே உணர்கிறார். ஆனால் கணிப்பொறித் திரையில் அவர் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் நிற்பது தலைசுற்றல் என்னும் ஒரு சொல் மட்டுமே. கஞ்சி குடிக்காத செய்திக்கு அங்கே கட்டம் இல்லை. அடுத்த முறை வேறொரு மருத்துவர் அப்பதிவைத் திறந்தால், தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரையைக் கூடுதலாக எழுதித் தரலாம். சர்க்கரை மாத்திரை அப்படியே தொடரும். பசியும் தொடரும். ஒரு நாள் அம்மூதாட்டி வரப்பிலேயே விழுந்து கிடப்பார்.

குறியெண் இங்கே குற்றவாளி அன்று. எண் இல்லையேல் ஒரு மாவட்டத்தில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்பதையும், எவ்வூரில் காய்ச்சல் பெருகுகிறது என்பதையும் அறிய வழியில்லை. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு தமிழ் மரபு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதே குற்றம்.

இயந்திரம் கற்கும் பாடம்

கணிப்பொறியை மருத்துவ ஆலோசகராக்கும் கனவு பழையது. 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைசின் என்னும் நிரல் உருவாக்கப்பெற்றது. குருதித் தொற்றுக்கு எம்மருந்து தரலாம் என்று சில நூறு விதிகளைக் கொண்டு அது யோசனை கூறியது. அதன் யோசனைகள் வல்லுநர்களின் யோசனைகளோடு ஒப்பிடத்தக்கனவாக இருந்தபோதிலும், அது ஆய்வுக்கூடத்தை விட்டு நோயாளியின் படுக்கையருகே வரவே இல்லை.

பிற்காலத்து இயந்திரங்கள் விதியை மனப்பாடம் செய்வதில்லை. பழைய பதிவுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தக்க சான்று. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டறிய 1,28,175 படங்களைக் கொண்டு ஓர் இயந்திரம் பயிற்றுவிக்கப்பெற்றது. அந்த ஆய்வில் அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னைச் சங்கர நேத்ராலயாவும் பங்கு கொண்டன. பார்வை இழப்பைத் தடுக்க இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயின், அதே வகை இயந்திரம் தாய்லாந்தின் 11 சிகிச்சை நிலையங்களில் வைக்கப்பட்டபோது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட படங்களைத் தெளிவில்லாதவை என்று அது தள்ளிவிட்டது. அறையில் போதிய இருள் இல்லை. இணைப்பு விரைவாக இல்லை. செவிலியர் எதிர்கொண்ட இவ்விடர்களை 2020இல் ஓர் ஆய்வு எடுத்துரைத்தது. ஆய்வுக்கூடத்தின் வெளிச்சம் வேறு, ஊரின் வெளிச்சம் வேறு.

இதனினும் கவலைக்குரியது அமெரிக்காவில் 2019இல் வெளிப்பட்ட உண்மை. கூடுதல் கவனிப்பு யாருக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் நிரல் ஒன்று, நோயின் கடுமையை அளக்க மருத்துவச் செலவை அளவுகோலாகக் கொண்டிருந்தது. செலவு மிகுந்தால் நோய் மிகுதி என்பது அதன் கணக்கு. கறுப்பின மக்களுக்காகச் செலவிடப்பட்ட தொகை குறைவு. ஆகவே அவர்களின் நோயும் குறைவு என்று இயந்திரம் முடிவு கட்டியது. இக்கோணல் நீக்கப்பட்டால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினர். பதிவில் ஏறாத துன்பம் இயந்திரத்துக்குத் துன்பமே அன்று. கஞ்சி குடிக்காத மூதாட்டியும் அங்கேதான் நிற்கிறார்.

மூதாட்டியும் மருத்துவரும் பேசும் பேச்சை இயந்திரமே கேட்டு எழுதிவிட்டால் குறை தீராதா என்று வினவலாம். அத்தகைய கருவிகள் இன்று மேலை நாடுகளில் மருத்துவரின் அறைக்குள் வந்துவிட்டன. மருத்துவர் திரையைப் பாராமல் நோயாளியின் முகத்தைப் பார்க்க முடிகிறது என்பது அவற்றின் நற்பயன். ஆனால் பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்னும் நிரலை ஆராய்ந்த அறிஞர்கள் 2024இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பதிவில், எவருமே பேசாத சொற்றொடர்களை அது தானாகச் சேர்த்து எழுதியிருந்தது. மூளைத் தாக்கத்தால் பேச்சுத் தடுமாறி, நெடுநேரம் நிறுத்தி நிறுத்திப் பேசுவோரிடத்தில் இப்பிழை மிகுந்தது. மௌனத்தைப் பொருளுடையதாகக் கொள்ள அவ்வியந்திரத்துக்குத் தெரியவில்லை. வெற்றிடம் என்றெண்ணி அதை நிரப்பிவிட்டது. இரண்டு சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் பேசும் என்பதைக் கவிஞர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தமிழ் நிற்கும் இடம்

இவ்வனைத்திலும் தமிழ் எங்கே நிற்கிறது? மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்னும் ஐயத்துக்கு விடை கிடைத்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மாணவர்களுக்கு மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைவு. நோயாளி பேசும் மொழியிலேயே மருத்துவரும் கற்க வேண்டும் என்னும் எண்ணம் அதில் செயலாயிற்று.

அண்மைக்காலத்தில் இன்னொரு வாயில் திறந்திருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் வகைப்பாட்டில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மருத்துவ முறைகளின் நோய்ப்பெயர்களுக்கும் இடம் தரும் பகுதி 2024 சனவரியில் புதுதில்லியில் வெளியிடப்பெற்றது. நோய்களை 4,448 என எண்ணி, வளி, அழல், ஐயம் என வகுத்த ஒரு மரபின் சொற்கள் உலகப் பதிவேட்டுக்குள் நுழைவது சிறிய செய்தி அன்று. ஆயினும் ஏட்டுச் சொல் ஏறியதால் வீட்டுச் சொல்லும் ஏறிவிட்டதாகக் கொள்ளக் கூடாது. கரப்பான் என்று தாய் சொன்னால் அது குழந்தையின் தோல்நோய். இயந்திரம் அதைப் பூச்சியாக மொழிபெயர்த்தால் சிரித்துவிட்டுப் போய்விட முடியாது.

மொழி பின்தள்ளப்பட்டால் விளைவது யாது என்பதைக் கொரோனாக் காலம் காட்டியது. தடுப்பூசிப் பணி 2021 சனவரி 16இல் தொடங்கியது. அதற்குரிய பதிவுத் தளத்தில் இந்திய மொழிகள் பல இடம்பெற்றது அவ்வாண்டு சூன் மாதத்தில்தான். இடைப்பட்ட மாதங்களில் இரண்டாம் அலை வந்து போயிற்று. ஆங்கிலம் அறிந்தவர் தாமே இடம் பிடித்தார். அறியாதவர் அடுத்தவர் கையை எதிர்பார்த்தார்.

2021 செப்டம்பரில் நாடு முழுமைக்குமாகத் தொடங்கிய மின்னணு நலவாழ்வுத் திட்டம் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் ஒன்றை வழங்க வகை செய்தது. ஒருவரின் நோய்வரலாறு அவர் இசைவின் பேரில் மருத்துவமனைக்கு மருத்துவமனை செல்லும் என்பது அதன் அடிப்படை. இசைவு என்னும் சொல்லே இங்கு உயிர்நாடி. புரியாத தாளில் வைத்த கைந்நாட்டு இசைவாகாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கோரும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் பெறும் வாய்ப்பைத் தந்திருக்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. சட்டம் மொழிக்கு இடம் தந்துவிட்டது. அந்த இடத்தை மூதாட்டிக்கு விளங்கும் தமிழால் நிரப்புவதே எஞ்சிய பணி. கடுந்தமிழில் எழுதிய படிவமும் அவருக்கு ஆங்கிலமே.

வட்டத்தின் முன் உள்ள பணி

பத்தாண்டுகளாகச் சொல்லைக் காத்துவரும் ஓர் அமைப்புக்கு இங்கு ஒரு பணி காத்திருக்கிறது. கிறுகிறுப்பு, தலைசுற்றல், கண்ணிருட்டல், மூர்ச்சை ஆகியவை ஒன்றல்ல என்பதைக் கவிஞர் அறிவர். கடுப்பு, குத்தல், உளைச்சல், எரிச்சல், பிசைதல் என வலிக்கு மட்டுமே தமிழில் எத்தனை பெயர்கள்! வட்டாரந்தோறும் மாறும் இச்சொற்களை அவற்றைச் சொல்பவர் வாயிலிருந்தே கேட்டுத் தொகுத்து, மருத்துவர் துணையோடு பொருள் வரையறுத்து, எந்தக் குறியெண்ணுக்கு அருகில் எச்சொல் நிற்கும் என்று காட்டும் அகராதி ஒன்று உருவாக வேண்டும். பாட்டி மொழியில் ஒரு சொல்லும் விடுபடாமல் எழுதப்பெறும் அவ்வகராதி கவிதைத் தொகுப்புக்குக் குறைந்ததாகாது. நாளைய இயந்திரம் அதனைப் படித்துக் கற்கும். படிக்க அது கிடைக்காவிடில், கிடைத்ததைக் கொண்டு ஊகிக்கும்.

குறள் சொன்ன நான்கு கூறுகளோடு ஐந்தாவது சேர்ந்துவிட்டது. அதை வெளியே அனுப்ப இனி எவராலும் இயலாது. ஐந்தாவது முதலாவதை மறைத்து நிற்கிறதா, முதலாவதின் குரலை ஏந்தி நிற்கிறதா என்பதே கேள்வி. மருத்துவத்தில் முதலில் பேசுபவர் நோயுற்றவர். அவர் சொன்ன சொல், அவர் சொன்னவாறே, எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரியாக நிற்க வேண்டும். "கஞ்சி குடிக்கல" என்னும் அந்த ஒரு வரிக்குத் திரையில் ஓர் இடம் கிடைத்தால், மூதாட்டி மாலையில் வீடு திரும்புவார்.