ஆகாய கங்கைக்கு நடந்தே போகலாம்

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில் சில மாணவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "சார், காட்டுக்குள்ள ஒரு ஏரி, கரையில கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கணும். நம்ம பக்கத்துல எங்க இருக்கு? காலேஜ்ல கேட்டா கையெழுத்தே கிடைக்க மாட்டேங்குது" என்றார்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நம் சமவெளியில் ஏரி என்றால் மனிதன் கட்டியது. கரை, மதகு, கலிங்கு, கீழே வயல். பனமரத்துப்பட்டி ஏரியை 1911இல் சேலம் நகரத்துக் குடிநீருக்காகக் கட்டினார்கள். ஏற்காடு ஏரியைச் சுற்றி ஊரே வந்துவிட்டது. கொல்லிமலையில் வாசலூர்பட்டிப் படகுக் குளம் அழகுதான், ஆனால் கார் கதவைத் திறந்தால் தண்ணீர். நீங்கள் கேட்கிற தனிமை நம் பக்கத்தில் ஏரிக்கரையில் இல்லை. அருவிப் பக்கம் இருக்கிறது. ஆகாய கங்கையைச் சொல்கிறேன்.

"அது தெரியும் சார், போயிருக்கோம்" என்பீர்கள். காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு, அறப்பளீஸ்வரர் கோயில் கும்பிடு, ஆயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்கி ஒரு குளியல், சாயந்திரம் நாமக்கல்லில் டிபன். அது போனதாகாது. வந்ததாகவும் ஆகாது!

அந்த அருவித் தண்ணீர் அய்யாறாகி, மலையின் மறுபக்கம் புளியஞ்சோலையில் இறங்குகிறது. துறையூர்ப் பக்கம் போய் அங்கிருந்து மலைக்குள் ஏறுகிற பழைய கால்நடை வழி ஒன்று உண்டு. ஆடிப் பதினெட்டுக்குச் சனங்கள் நடந்த வழி. நாங்கள் நாலு பேர் இறுதியாண்டில் அதில்தான் ஏறினோம். கூடாரம் எல்லாம் அப்போது சினிமாவில் பார்த்ததுதான். ஹாஸ்டல் போர்வை, ஒரு அலுமினியப் பாத்திரம், அரிசி, ஊறுகாய், டார்ச். அடிவாரத்தில் வேர்த்துக் கொட்டியது. ஏற ஏறக் காற்று மாறியது. ஆயிரம் மீட்டருக்கு மேலே போனால் பலா, மிளகு, காப்பி என்று வேறு ஊர் மாதிரி. தண்ணீர்ச் சத்தம் கூடவே வரும், தண்ணீர் கண்ணில் படாது.

ஆற்றோரப் பாறையில் படுக்கலாம் என்று போர்வையை விரித்தோம். விறகுக் கட்டோடு வந்த பெரியவர் ஒருவர் நின்றார். "ஆத்தோரம் படுக்காதீங்க சாமி. இங்க தூறல் இல்லாட்டியும் மேல பேஞ்சா தண்ணி சொல்லாம வந்துரும்" என்றார். அவர் வீட்டுத் திண்ணையில்தான் படுத்தோம். சாமைச் சோறும் அவர் வீட்டுச் சோறே. மலையாளிகள் என்றால் கேரளத்துக்காரர்கள் என்று இன்னமும் நினைக்கிறவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மலையையே வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று பல நாடுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அன்று சாமை விளைந்த நிலம் நிறைய இன்று மரவள்ளிக்கு மாறி, கிழங்கு கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. இதையெல்லாம் காரில் போனால் யார் சொல்வார்கள்?

இனி கையெழுத்து விஷயம். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் பிள்ளைகள். அதற்குப் பிறகு எந்தப் பெற்றோர், எந்த ஆசிரியர் சட்டென்று பேனாவை எடுப்பார்கள்? அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் போகவே கூடாது என்பது பதிலில்லை. சொல்லாமல் போவார்கள், அவ்வளவுதான். அது இன்னும் ஆபத்து.

மாசி, பங்குனியில் மலைப்புல் காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களில் போகவே வேண்டாம். தீ மேட்டை நோக்கி வேகமாக ஓடும், குறுகலான பள்ளம் புகைபோக்கி மாதிரி இழுக்கும். இது தெரியாத பிள்ளையை மலைக்கு அனுப்பக் கூடாது. 2018லேயே அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் வழிகாட்டிகளையும் கூட அனுப்புகிறது. தீக்காலத்தில் மூடிவிடுகிறார்கள். அப்புறம், நாங்கள் போனதுபோல் இன்று யாரையும் கேட்காமல் காட்டுக்குள் போகவோ தங்கவோ முடியாது. வனத்துறையிடம் எழுதிக் கேளுங்கள். காட்டில் தங்க அனுமதி இல்லையென்றால் செம்மேட்டில் விடுதிகள் இருக்கின்றன. அடுப்பு மூட்டுகிற ஆசையை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சாக்குப்பை ஒன்று கொண்டுபோய், போட்ட குப்பையைத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

முதல்வர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மாணவர் மலையேற்றக் குழு ஒன்றுக்கு அனுமதி தாருங்கள். ஒரு ஆசிரியர், முதலுதவி தெரிந்த ஒருவர், உள்ளூர் வழிகாட்டி இருக்கட்டும். எங்கள் பேட்சில் டாக்டரே இரண்டு பேர் இருக்கிறார்கள். முழங்கால் ஒத்துழைத்தால் வருவார்கள். பொங்கல் விடுமுறை தோதான நேரம்: மழை ஓய்ந்திருக்கும், புல் இன்னும் காய்ந்திருக்காது. முதல் பயணத்துக்கு வண்டி வாடகையை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்ளும். மேடையை விட்டு இறங்கியதும் வசூல் ஆரம்பம். நண்பர்கள் யாரும் வாசல் பக்கம் நழுவ வேண்டாம்.