தட்டிப் பார்த்த பிறகு சொல்வோம்

(திருவண்ணாமலையில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மலையடிவாரத்தில் இருந்துகொண்டு படகைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் சாத்தனூர் அணையைக் கடந்து செல்லும் தென்பெண்ணை, கடலூர் அருகேதான் கடலில் கலக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையெங்கும் உடைந்த ஃபைபர் படகுகள் கிடந்தன. ஒவ்வொரு படகின் முன்னும் ஒரு குடும்பம் நின்று கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது தேறுமா, தேறாதா? தேறாது என்றால் புதுப் படகு வாங்க வேண்டும். அதற்குக் கடன் வாங்க வேண்டும்.

பழுது பார்க்கத் தெரிந்தவர் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்வதில்லை. உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, காயவிடுவார். பிறகு சிறு சுத்தியலின் பிடியால் படகின் உடலைத் தட்டிக்கொண்டே போவார். 'டங்' என்று ஒலித்தால் அந்த இடம் உறுதி. 'பொத்' என்று ஒலித்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. அங்கே சாக்பீஸால் வட்டமிடுவார். முடிவில் பார்த்தால், வட்டத்துக்கு வெளியே இருக்கும் பகுதிதான் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. செலவும் அங்கேதான் குறைகிறது. ஏனெனில் பொருள் வாங்க வேண்டியது வட்டத்தின் அளவுக்குத்தான், படகின் அளவுக்கு அல்ல.

அடுத்து, உடைந்ததை வெட்டி எடுத்து, ஓட்டையின் விளிம்பைச் சரிவாகத் தேய்ப்பார்கள். தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தடிமன் 5 மி.மீ. என்றால் சரிவு 60 மி.மீ. பிறகு கண்ணாடி இழைப் பாயை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ரெசின் பூசி, காற்றுக்குமிழ் இல்லாமல் உருளையால் அழுத்துவார்கள். ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்டனர் 10 முதல் 20 கிராம் வரைதான். கலந்ததும் கிண்ணம் சூடாகும். இது வெப்ப உமிழ் வினை. விகிதம், சதவீதம், பலபடியாதல் என்று நாம் கரும்பலகையில் எழுதுவதெல்லாம் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது.

ஃபைபர் என்றால் மட்டமான பொருள் என்று மாணவர்கள் நினைக்க வேண்டாம். நம் கடற்படையின் 'தாரிணி' பாய்மரப் படகின் உடலும் கண்ணாடி இழையால் ஆனதே. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் அதில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள்.

ரெசினையும் ஹார்டனரையும் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். நெடியும் தோல் எரிச்சலும் ஆபத்து. அதற்குப் பதில் பழைய அட்டையும் மைதாப் பசையும் போதும். இரண்டு அட்டைத் துண்டுகளை ஒரு செ.மீ. மேற்பொருந்த ஒட்டச் சொல்லுங்கள். இன்னொரு சோடியை ஐந்து செ.மீ. மேற்பொருந்த ஒட்டச் சொல்லுங்கள். மறுநாள் நன்றாகக் காய்ந்ததும் கற்களைக் கட்டித் தொங்கவிடட்டும். எது முதலில் பிரிகிறது, ஏன் என்று அவர்களே எழுதட்டும். விளிம்பை ஏன் அவ்வளவு தூரம் தேய்க்கிறார்கள் என்பது சொல்லாமலே புரியும்.

எல்லாப் படகும் தேறும் என்று நான் சொல்ல வரவில்லை. தட்டிய இடமெல்லாம் 'பொத்' என்றால் அந்தப் படகைக் கடலுக்கு அனுப்பக் கூடாது. ஆனால் அந்த முடிவும் தட்டிப் பார்த்த பிறகு வருவது.

நம் ஆசிரியர் அறையிலும் 'தேறாது' என்ற சொல் புழங்குகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் வகுத்தல் தெரியாத பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்கிறோம். அந்தப் பிள்ளைக்குக் கூட்டல் தெரியுமா? கழித்தல்? வாய்ப்பாடு எதுவரை? உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டால், வட்டமிட வேண்டிய இடம் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அதற்கு ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும். இந்த வாரம் ஒரே ஒரு பிள்ளையிடம் அதைச் செய்து பாருங்கள்.