கரை சேரும் வேளை

மாமல்லபுரத்துக் கடற்கரையில் வைகறைப் பொழுதில் நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். இரவெல்லாம் கடலில் வலை வீசிய படகு கரை நோக்கி வருகிறது. ஆழ்கடலில் நேராத ஆபத்து, கரைக்கு மிக அண்மையில், அலை மடிந்து உடையும் இடத்தில் நேர்ந்துவிடுவது உண்டு. அதனால்தான் கரையில் இருப்போர் ஓடிச் சென்று கயிற்றைப் பற்றிப் படகை மணலில் இழுத்தேற்றுகின்றனர். அவ்வாறு ஓடுவதற்கு முன், "இவன் நல்லவனா?" என்று ஒருவரும் வினவுவதில்லை.

சிறையிலிருந்து விடுதலையாகி வரும் மனிதனின் நிலையும் இத்தகையதே. அவன் குடிக்கோ வேறு போதைக்கோ அடிமைப்பட்டவனாயின், சிறைக்குள் கழித்த நாட்களைக் காட்டிலும், வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களே அவனுக்குக் கொடியவை. இது வெறும் அச்சமன்று. அமெரிக்க நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான முப்பதாயிரம் பேரைப் பற்றிய ஆராய்ச்சியொன்று 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. விடுதலைக்குப் பின் முதல் இரு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம் ஏனைய மக்களைவிட ஏறத்தாழ 13 மடங்கு என்று அது கண்டது. அளவுக்கு மீறிய போதை மருந்தே அச்சாவுகளுக்குத் தலையாய காரணமாக இருந்தது.

காரணம் யாதெனில், அபினி இனத்துப் போதைப் பொருள்களைச் சில மாதம் தீண்டாதிருந்த உடல், அவற்றைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. மனமோ பழைய அளவையே நினைவில் வைத்திருக்கிறது. முன்பு மயக்கம் தந்த அதே அளவு இப்பொழுது மூச்சையே நிறுத்திவிடுகிறது. குடியின் வழி வேறு. குடியைத் திடீரென நிறுத்தியவனுக்குச் சிறை புகுந்த சில நாட்களுக்குள் கை நடுக்கமும், வலிப்பும், சித்தப் பிரமையும் தோன்றக்கூடும். அது பாசாங்கு அன்று. மருத்துவம் வேண்டும் நோய். பின்னர் உடல் தெளிகிறது. ஆயினும், பழைய தெருவையும் பழைய தோழரையும் கண்டவுடன் வேட்கை மீண்டும் விழித்துக்கொள்கிறது. சிறைச் சுவர் குடியை மறைத்து வைக்குமேயன்றி, நோயைத் தீர்த்து வைப்பதில்லை.

இந்த வட்டாரத்தார்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2023 மே மாதத்தில் செங்கற்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும், அண்டையிலுள்ள மரக்காணம் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விற்றவர்களைச் சட்டம் பிடிக்கட்டும், அது முறையே. குடித்தவனை மீட்பது யார் பொறுப்பு?

நம் முன்னோர் இக்கேள்வியை எண்ணாதவர் அல்லர். செங்கற்பட்டு நகரிலேயே இளங்குற்றவாளிகளைத் திருத்துவதற்கான பள்ளி 19ஆம் நூற்றாண்டிலேயே அமைந்தது. விடுதலை பெற்ற கைதிகளுக்கு உதவும் சங்கம் சென்னை மாகாணத்தில் 1921ஆம் ஆண்டில் தோன்றியது. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டமும் தண்டனையை மட்டும் பேசவில்லை. சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திற்கு ஆளான அடிமையை, அவன் இசைவுடன், சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப அதன் 39ஆம் பிரிவு நீதிமன்றத்திற்கு இடந்தருகிறது. வாசல் திறந்தே இருக்கிறது. அதன் வழியே அழைத்துச் செல்வோர்தாம் குறைவு.

செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, விடுதலை நாளையும் மருத்துவமனை நாளையும் இணைத்தல். கைதி வெளிவரும்போதே, சிகிச்சைக் குறிப்பும், சில நாளைக்கான மருந்தும், செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்ன நாளில் இன்ன மருத்துவரைக் காண வேண்டும் என்ற சீட்டும் அவன் கையில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, சிறை வாயிலில் ஒரு மனிதர். பேருந்துக் கட்டணம் மட்டும் கொடுத்து மாலையில் வெளியே விட்டால், பேருந்து நிலையம் செல்லும் வழியிலேயே மதுக்கடை எதிர்ப்படும். தாமே குடியை வென்ற ஒருவர் அங்கு நின்று தோளில் கை வைத்தால், பாதி வழி கடந்ததாகும். மூன்றாவது, வேலை. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் கல்லைத் தேய்க்கவும் ஆள் வேண்டும். கடற்கரைக் குப்பங்களில் வலை செப்பனிடவும் ஆள் வேண்டும். கைவேலை உள்ளவனுக்கு நாள் நீள்வதில்லை.

ஒருமுறை தவறி மீண்டும் குடித்துவிட்டால், "திருந்தாதவன்" என்று கதவைச் சாத்திவிடுகிறோம். நீரிழிவு நோயாளி ஒரு நாள் பத்தியம் தவறினால் மருத்துவர் அவரைத் துரத்துவதுண்டோ? மீண்டும் மருந்து கொடுக்கிறார். இங்கும் அதுவே நெறி. குடும்பத்தார் தளர்ந்து போயிருப்பர். பலமுறை நம்பி ஏமாந்தவர் அவர்கள். அவர்களுக்கும் ஆறுதலும் வழிகாட்டுதலும் வேண்டும். 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் அத்தகைய உதவியைக் கேட்கலாம்.

நேயர்களே, குற்றத்திற்கு உரிய தண்டனையை அவன் அனுபவித்துவிட்டான். அதற்கு மேலும் ஒரு தண்டனையை அலை உடையும் இடத்தில் அவனுக்கு நாம் விதிக்கலாகாது. படகு வருகிறது. கயிற்றை நீட்டுகிறார்கள். பற்றிக்கொள்ளக் கரையில் ஆள் உண்டா என்பதே கேள்வி.